பூட்டில்லாத கதவும் மூன்று பதிவுகளும்

இதை எழுதி வைக்க வேண்டிய தேவை சென்ற திங்களில்தான் ஏற்பட்டது. நான் பணிநிறைவு பெற்ற அஞ்சலகத்தில் மூத்த அஞ்சல்காரர் தனசேகரனுக்குப் பிரிவு விழா நடந்தது. அழைத்திருந்தார்கள், சென்றேன். விழா முடிந்ததும், அண்மையில் பணியில் சேர்ந்த உங்களுள் நால்வரை என்முன் கொண்டுவந்து நிறுத்தித் தனசேகரன் சொன்னார்:

"இவருதான்பா அந்த சார். பிலோமினாவுக்கு வேலை போவ இருந்துச்சு. கோட்ட ஆபீசுக்கே போயி, டேபிளத் தட்டி, 'எம்மேல ஆக்‌ஷன் எடு'ன்னாரு பாரு, அத்தினி பேரும் ஆடிப் போய்ட்டாங்க."

நால்வரும் என்னை வியப்போடு பார்த்தீர்கள். நான் மறுத்துப் பேச வாயெடுப்பதற்குள் கேசரி வந்துவிட்டது.

தனசேகரன் சொன்னது முழுப்பொய் அன்று. ஆனால் அதில் முதற்பாதி இல்லை. அலுவலகக் கோப்பில் அந்த முதற்பாதி மூன்றே சொற்களில் அடங்கியிருக்கிறது: 'மேற்பார்வையாளரின் வாய்மொழி ஆணை.' அந்தக் கோப்பை நீங்கள் எவரும் புரட்டப் போவதில்லை. தனசேகரனின் கதையே நிலைத்துவிடும். என்னை நல்லவனாகக் காட்டும் பிழையொன்று என் கண்முன்னே பரவுவதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருப்பது முறையாகாது. ஆகவே எழுதுகிறேன். அந்த அஞ்சலகம் எது என்பது உங்களுக்குத் தெரியும்; மற்றவர்க்கு, மயிலாப்பூரின் மாட வீதிகளிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ளது என்ற அளவு போதும்.

நான் பணியில் சேர்ந்த காலத்தில் அஞ்சல் என்றால் கடிதம். காலையில் பைகள் வரும். அஞ்சல்காரர்கள் நீண்ட மேசையைச் சுற்றி நின்று தத்தம் தெருக்களின் வரிசைப்படி கடிதங்களை அடுக்குவார்கள். சேர்ப்பிக்க முடியாத கடிதத்தின் மேல் காரணத்தைக் கையால் எழுதிக் கையொப்பமிட வேண்டும். எங்களுக்கு மேலிருந்த ஆய்வாளர் ஒருவர் மாலைதோறும் திரும்பி வந்த கடிதங்களைப் பார்வையிடுவார். 'கதவு பூட்டு' என்று எழுதியிருந்தால் அஞ்சல்காரரை அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "பூட்டு எப்படி இருந்தது?"

பித்தளையா, இரும்பா, எண் பூட்டா, பழையதா, புதியதா? நேரில் பார்த்தவர் உடனே சொல்வார். தயங்கியவர் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அப்போதே மீண்டும் அந்தத் தெருவுக்கு நடக்க வேண்டும். அவரைப் 'பூட்டு ஐயா' என்று மறைவில் கேலி செய்தவர்களுள் நானும் ஒருவன்.

பின்னர் இணையவழி வணிகம் வந்தது. முதலில் வாரத்துக்கு ஒன்றிரண்டு புத்தகப் பொதிகள் வந்தன. பிறகு தலையணை, குக்கர், குத்துவிளக்கு, குழந்தைகளின் மூன்று சக்கர வண்டி என வரத்தொடங்கின. (நான் பொதி என்பேன், அலுவலகத்தில் எல்லாரும் பார்சல் என்பார்கள். இரண்டும் ஒன்றே.) பேருந்தில் கால் மணி நேரத்தில் சென்றடையக்கூடிய தியாகராய நகர்க் கடையின் புடவை, நகருக்கு வெளியே உள்ள ஏதோ ஒரு கிடங்கிற்குச் சென்று, அங்கிருந்து மூன்று நாள் பயணம் செய்து மயிலாப்பூருக்கு வந்தது. கடிதம் அடுக்கிய நீண்ட மேசையைச் சுவரோரம் நகர்த்தினோம். அதன் மேல் இப்போது உணவுப் பெட்டிகளும் தலைக்கவசங்களும் இருக்கின்றன. மாடிப்படியில் பாதி பொதிகளுக்கு, பாதி கால்களுக்கு.

ஆனால் பருமன் அன்று, உண்மையான மாற்றம் வேறு. கடிதம் வரப்போவது அதைப் பெறுபவருக்குத் தெரியாது. ஆதலால் அது ஒரு நாள் தாமதமானாலும் கேட்பாரில்லை. பொதியோ, புறப்பட்ட நொடியிலிருந்து வீட்டாரின் கைப்பேசியில் தெரிகிறது. 'இன்று உங்கள் வீட்டுக்கு வருகிறது' என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டுவிடுகிறது. நாம் போகிறோமோ இல்லையோ, நமக்காகக் காத்திருக்கும் ஒருவரை இந்தத் தொழில்நுட்பம் உண்டாக்கிவிட்டது. இதை நான் காலங்கடந்தே உணர்ந்தேன்.

காலையில் வெளியே எடுத்துச் சென்ற ஒவ்வொரு பொதிக்கும் மாலை ஆறு மணிக்குள் அஞ்சல்காரரின் கைப்பேசியில் ஒரு முடிவு பதிவாக வேண்டும். சேர்ப்பித்தாயிற்று என்று பதியலாம். இல்லையேல், ஏன் சேர்ப்பிக்கவில்லை என்ற காரணத்தைப் பதிய வேண்டும். பதியாவிட்டால் கோட்ட அலுவலகத்துத் திரையில் நம் அஞ்சலகம் சிவப்பாகத் தெரியும். காரணங்களின் பட்டியல் கைப்பேசியிலேயே உண்டு: கதவு பூட்டு, முகவரியாளர் இல்லை, வாங்க மறுப்பு, முகவரி தவறு. இன்னும் சில. அந்தப் பட்டியலில் இல்லாத காரணம் ஒன்றே ஒன்று. நேரம் போதவில்லை, போகவே இல்லை என்பதுதான் அது.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அந்த ஒரு காரணந்தான் எங்களுக்கு உண்மையாக இருந்தது. மழை வேறு. ஐந்தரை மணிக்கு வண்டியில் பாதிச் சுமையோடு நனைந்து வந்து நிற்பார்கள். கோட்ட அலுவலகத்திலிருந்து தொலைபேசி வரும். ஒரு நாள் அவர்களுக்கு மேற்பார்வையாளராக இருந்த நான் எல்லாரையும் கூட்டி, எழுத்தில் எதுவும் தராமல், வாயால் சொன்னேன்: "போக முடியாததுக்கெல்லாம் 'கதவு பூட்டு'ன்னு போட்டுடுங்க. நாளைக்குக் காலைல முதல் வேலையா அங்க போயிடுங்க. ஒரு நாள்தானே?"

பட்டியலில் முதலாவதாக இருந்தது அதுதான். அந்த எளிமைக்கு மேல் நான் எதையும் எண்ணவில்லை.

பிலோமினா மட்டும் நகரவில்லை. கடற்கரையோர மாதா கோயில் பங்கைச் சேர்ந்த ஆசிரியர் குடும்பத்துப் பெண். பல்லாண்டுகள் தற்காலிகமாக உழைத்து, தேர்வெழுதி, நிலையான பணிக்கு வந்து ஓராண்டு நிறையாத தகுதிகாண் பருவத்தில் இருந்தார். அவர் வாய் ஓயாது. அலுவலகத்தில் அவருக்கு வானொலி என்றே பெயர்.

"இன்னா சார் இது? தொறந்து கீற கதவப் பூட்டுன்னு போட்டா, ஞாயித்துக்கெழம பாவசங்கீர்த்தனத்துல சாமியாருக்கு இன்னா சொல்றது?"

"என் பேரைச் சொல்லிடும்மா."

"உங்க பேரச் சொன்னா ஆச்சா? சாமியாரு உங்கள எங்க போயித் தேடுவாரு? நீங்கதான் அந்தப் பக்கமே வரதில்லயே!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மணி ஐந்து ஐம்பது. பிலோமினா அலுவலக வாயிலில், வண்டி நிறுத்துமிடத்துக் கூரையடியில் நின்று, மீதமிருந்த பதினொரு பொதிகளுக்கும் 'கதவு பூட்டு' என்று பதிந்தார். அன்று எங்கள் அஞ்சலகம் பச்சையாக இருந்தது. மறுநாள் கோட்ட அலுவலகத்திலிருந்து பாராட்டும் வந்தது.

அந்தப் பதினொன்றில் ஒன்று, அவருடைய சுற்றின் கடைசித் தெருவில், மின்தூக்கி இல்லாத பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு உரியது. மறுநாள் காலையில் புதிய சுமை வந்தது. முதல் வேலையாக அங்கே போவது நடக்கவில்லை. கடைசித் தெருவுக்கு முன்பே மணி ஆறை நெருங்கியது. இரண்டாம் முறையும் 'கதவு பூட்டு'. மூன்றாம் நாளும் அவ்வாறே. இணையக் கடைகளோடு இருந்த ஏற்பாட்டின்படி மூன்று முறை பூட்டு என்று பதிவானால் பொதி அனுப்பியவருக்கே திரும்பும். அதற்கு யாருடைய ஒப்புதலும் வேண்டியதில்லை. நான்காம் நாள் விடியலில் அது திரும்பிச் செல்லும் வண்டியில் ஏறிவிட்டது.

அன்று பிற்பகலே கோட்ட அலுவலகத்திற்கு முறையீடு சென்றது. மூன்று வரிகள்தாம். 'எங்கள் வீட்டுக் கதவு பகலில் பூட்டப்படுவதே இல்லை. பூட்டுவதற்கு என்னால் எழுந்து செல்ல இயலாது. மூன்று நாள் வந்து பார்த்தவர் எந்தக் கதவைப் பார்த்தார் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.'

எழுதியவர் ஓர் இசையாசிரியை. தண்டுவட நோயால் பல்லாண்டுகளாகப் படுக்கையில் இருப்பவர். படுத்தபடியே பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தந்துவந்தார். பொதியில் இருந்தது, அவருடைய காற்று மெத்தைக்குக் காற்றூட்டும் சிறு பொறி. பழைய பொறி பழுதாகிவிட்டதால் வரவழைத்திருந்தார்.

மறுநாள் கோட்ட அலுவலகத்திலிருந்து இளம் ஆய்வாளர் ஒருவர் வந்தார். பதிவு எந்த இடத்திலிருந்து செய்யப்பட்டது என்பதையும் கைப்பேசி குறித்துக்கொள்ளும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. மூன்று பதிவுகளும் அலுவலக வாயிலில் செய்யப்பட்டவை. தகுதிகாண் பருவத்தில் பொய்ப் பதிவு என்றால் நீண்ட விசாரணைகூடத் தேவையில்லை. ஒரே தாளில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

ஆய்வாளர் என் அறையிலேயே பிலோமினாவை விசாரித்தார். "நீங்களா போட்டீங்களா? யாராவது போடச் சொன்னாங்களா?"

பிலோமினா என்னைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "நான்தான் சார் போட்டேன்."

கையெட்டும் தொலைவில் நான் அமர்ந்திருந்தேன். என்முன் இருந்த ஒரு தாளில் கையொப்பமிட்டேன். அதற்கு அப்போது கையொப்பம் தேவைப்படவில்லை.

ஒரு வாரத்துக்குள் என் மேற்பார்வை அறிக்கையைத் தருமாறு சொல்லிவிட்டு ஆய்வாளர் சென்றார். அன்றே எழுதினேன். செறிவான அறிக்கை, என் நடையைக் குறித்து எனக்கு எப்போதும் சிறிது செருக்கு உண்டு. பதிவுகள் உண்மைக்கு மாறானவை, பண்டிகைக் காலச் சுமை மிகுதி, பணியாளர் பொதுவாக நேர்மையானவர், கருணையோடு நோக்க வேண்டுகிறேன் என்றெல்லாம் அதில் இருந்தன. அதில் பொய் ஒன்றும் இல்லை. நான்தான் இல்லை.

அதை மேசை இழுப்பறையில் வைத்தேன். எனக்குப் பணிநிறைவுக்கு ஏழு திங்கள் இருந்தன. அப்பழுக்கில்லாமல் வெளியேற வேண்டும் என்பதே அப்போது என் ஒரே எண்ணம். எழுத்தில் ஆணை ஏதும் இல்லை. ஆகவே மெய்ப்பிக்க ஒன்றுமில்லை என்றும் எண்ணிக்கொண்டேன். வெட்கத்தோடு எழுதுகிறேன், அந்த எண்ணம் எனக்கு ஆறுதலாக இருந்தது.

பிலோமினா நாள்தோறும் வந்தார், பொதிகளை எடுத்தார், போனார். பேச்சு நின்றுவிட்டது. தனசேகரன்தான் பொறுக்கமாட்டாமல் கேட்டார்: "இன்னா பிலோ, ரேடியோ பாட மாட்டேங்குது?"

"கரண்ட் இல்லண்ணே."

"எப்ப வரும்?"

"தெர்ல. மேல இருந்து வரணும்."

நான் என் கோப்பைக் கவனமாகப் படிப்பது போல் இருந்தேன்.

விசாரணைக்குப் பின் நான்காம் நாள், திருப்பி அனுப்பப்பட்ட பொதியை வழியில் நிறுத்தி மீட்டுக் கொணர்ந்தார்கள். அதை நானே எடுத்துச் சென்றேன். கடமையுணர்ச்சி என்று எண்ணிவிட வேண்டாம். அம்மையார் முறையீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் யாருக்கும் ஒன்றும் நேராது, நான் வாய் திறக்கவும் தேவையிராது என்ற கணக்கோடுதான் மூன்று மாடி ஏறினேன்.

கதவு திறந்திருந்தது. காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு செங்கல்லை அணையாக வைத்திருந்தார்கள். நாதாங்கி துருவேறியிருந்தது. பூட்டு மாட்டிய தடமே அதில் இல்லை. 'பூட்டு எப்படி இருந்தது?' என்ற பழைய குரல், அந்தப் படிக்கட்டின் உச்சியில், எனக்குக் கேட்டது. நான் மறைவில் சிரித்த அதே கேள்வி.

உள்ளிருந்து குரல் வந்தது. "யாரு? வாசல்லயே நின்னுண்டு என்ன பாக்கறேள்? பூட்டைத் தேடறேளா?"

உள்ளே சென்று, இன்னார் என்று சொல்லிப் பொதியை வைத்தேன். வருத்தம் தெரிவித்தேன். அம்மையாரைக் கவனித்துக்கொள்ளும் பெண் பொறியை எடுத்து மெத்தையில் பொருத்தத் தொடங்கினார். "இது ஒரு வாரம் முன்ன வந்திருந்தா முதுவு புண்ணாயிருக்காது சார். தோலு உரிஞ்சிபோச்சு" என்றார், என் பக்கம் திரும்பாமலே.

"விடுடி. அவருக்கென்ன தெரியும்?" என்றார் அம்மையார். பிறகு என்னிடம், "சொல்லுங்கோ. எதுக்கு வந்தேள்? இதைக் குடுக்க மட்டும் இத்தனை பெரியவா மூணு மாடி ஏற மாட்டாளே."

முறையீட்டைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பெண்ணின் பணி போய்விடும் என்றேன். பெருந்தன்மையோடு அவர் திரும்பப் பெற்றுக்கொண்டால் நன்று என்றேன்.

"அந்தப் பொண்ணு நேத்திக்கே வந்து அழுதுட்டுப் போயிட்டா. நல்ல பொண்ணு. எத்தனையோ தடவை வந்திருக்கா, இங்கதான் தண்ணி வாங்கிக் குடிப்பா. மாடியேற அலுத்துண்டு பொய் எழுதறவ இல்ல. யாரு எழுதச் சொன்னான்னு கேட்டேன். வாயே தெறக்க மாட்டேன்னுட்டா. நான் வாபஸ் வாங்கிண்டா அந்த ஆளுக்குன்னா சௌகரியம்? உங்களுக்குத் தெரியுமோ, யாருன்னு?"

பொறி இயங்கத் தொடங்கியது. மெத்தை மெல்ல மேலெழுந்தது. அவர் முகத்தில் வலி சிறிது விலகியதை நான் பார்த்தேன்.

"நான்தாம்மா சொன்னேன்" என்றேன்.

அவர் சினம் கொள்ளவில்லை; வியக்கவும் இல்லை. "இதை எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? நான் படுத்துண்டிருக்கேன். நடக்கறவாகிட்டப் போய்ச் சொல்லுங்கோ."

அங்கிருந்து ஆட்டோவில் நேரே கோட்ட அலுவலகம் சென்றேன். இழுப்பறையில் இருந்த அறிக்கையை விட்டுவிட்டு, ஆய்வாளரின் முன்னிலையிலேயே புதிதாக ஒன்று எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சார், எழுத்துல ஒண்ணும் இல்ல. அந்தப் பொண்ணும் உங்க பேரச் சொல்லல. ஏழு மாசம் இருக்கு உங்களுக்கு. எதுக்கு இது?"

"அதனாலதான்" என்றேன்.

கையொப்பமிட அவர் கொடுத்த பேனா எழுதவில்லை. அதை மேசைமீது இருமுறை தட்டினேன். தனசேகரனின் கதையில் நான் தட்டியதாக வரும் மேசைக்கு மூலம் இதுவாகவே இருக்கலாம்.

எனக்குக் கண்டனம் வந்தது. பணிப்பதிவேட்டில் அது இன்றும் இருக்கிறது. பிலோமினாவுக்கு எச்சரிக்கை. தகுதிகாண் பருவம் ஆறு திங்கள் நீண்டது. அது எனக்கு வலித்தது. ஏனெனில் நான் முதல் நாளே வாய் திறந்திருந்தால் அதுவும் நேர்ந்திராது என்று ஆய்வாளரே பின்னர் சொன்னார். பட்டியலில் 'செல்ல இயலவில்லை' என்ற காரணத்தைச் சேர்க்குமாறு எழுதினேன். நான் விடைபெறும் வரை மறுமொழி வரவில்லை. ஆதலால் போகாத வீட்டுக்கு எதையும் பதிய வேண்டாம், வெறுமையாக விடுங்கள் என்று ஆணையிட்டேன். இம்முறை எழுத்தில், கையொப்பத்தோடு. எஞ்சிய திங்கள்களில் எங்கள் அஞ்சலகம் திரையில் சிவப்பாகவே இருந்தது. தொலைபேசி வரும்போதெல்லாம் நானே எடுத்துப் பேசினேன். தை மாதம் ஓர் அஞ்சல்காரரைக் கூடுதலாக அனுப்பினார்கள். பச்சையாக இருந்த காலத்தில் அப்படி ஒருவர் தேவை என்பது அவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவே. கைப்பேசி தரும் பட்டியலில் உண்மை இல்லையென்றால், இருப்பவற்றுள் எளிதானதைத் தொடாதீர்கள். உங்களுக்குக் கீழிருப்பவரைத் தொடச் சொல்லாதீர்கள். சொல்லிவிட்டால், கேட்கும் வரை காத்திராதீர்கள்.

கண்டனம் வந்த மறுநாள் பிலோமினாவிடம் கேட்டேன், விசாரணையில் ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று.

"சொன்னா நம்புவாங்களா சார்? எங்கிட்ட எழுத்துல இன்னா கீது? நான் சொன்னா சாக்கு. நீங்க சொன்னாத்தான் நிக்கும். அதான் பாத்துக்கினு இருந்தேன். இன்னும் ஒரு நாள் போயிருந்தா மாதா கோயில்ல உங்க பேர்ல மெழுகுவத்தி ஏத்தியிருப்பேன், புத்தி குடும்மான்னு."

"அப்போ சாமியாருக்காவது என் பேர் தெரியுமா?"

"இல்ல சார். 'ஒரு ஆளு'ன்னு மட்டுந்தான் சொன்னேன்."

இதை எழுதி முடித்ததும் அவரிடமே முதலில் படிக்கக் கொடுத்தேன். பெயரை மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன். "உங்க பேர நான் சொல்லல. எம்பேர நீங்க சொல்லுங்க, பரவால்ல" என்றார்.

நினைவிலிருந்து எழுதியது, பிழைகள் இருக்கும். அன்று உடனிருந்தவர்கள் எவரேனும் இதைப் படித்தால் தயங்காமல் திருத்துங்கள். பிலோமினா ஏற்கெனவே ஒன்றைத் திருத்தியிருக்கிறார். நான் வாய் திறவாமல் இருந்தது நான்கு நாள் என்று எழுதியிருக்கிறேன். ஐந்து என்கிறார் அவர். அந்நாள்களை எண்ணிக்கொண்டிருந்தவர் அவர்; நான் எண்ணவில்லை. ஐந்து என்றே கொள்க.